போனைப் பிடிக்கும் கை

கடற்கரையிலிருந்து கிளம்பும் மின்ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கும் இடம் தாம்பரம் சானடோரியம். தினமும் ஏறி இறங்குபவர்கள் 'சானடோரியம்' என்று மட்டும் சொல்வார்கள். காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து இங்கே தொடங்கிய இல்லம், ஓர் ஊரின் பெயராகவே ஆகிவிட்டது. அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் மென்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்திவந்தார். 1917-இல் உடல்நலம் கெட்ட கணித மேதை ராமானுஜன் சில காலம் அங்கே அவருடைய பராமரிப்பில் இருந்தார்.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. திறந்தவெளிக் காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவர் வீட்டுக்குத் திரும்பி எப்படிப் பிழைப்பைப் பார்ப்பார்? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தின் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் 1905 முதல் ஒரு வழி கண்டார். நோயாளி முதலில் கொஞ்ச தூரம் நடப்பார். பிறகு கூடை சுமப்பார். பிறகு மண்வெட்டி பிடிப்பார். மருந்தை அளப்பதுபோல வேலையை அளந்து கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர், காசநோயோடும் இடப்பக்க முடக்கத்தோடும் போராடியவர், தன் உடலையே சோதனைக்கூடமாக்கி வேலை செய்தே மீண்டார். 1917 மார்ச்சில் அவருடைய வீட்டில் கூடிய சிறு கூட்டம்தான் 'ஆக்குபேஷனல் தெரபி' என்ற துறையின் முதல் சங்கத்தை அமைத்தது. இந்தத் துறையின் ஜாதகத்தில் சானடோரியம் ஒரு முக்கியமான கட்டம்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தமிழில் 'தொழில்வழி சிகிச்சை' என்றும் 'செயல்முறை சிகிச்சை' என்றும் எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அது 'ஓ.டி.' மட்டுமே. 'ஓ.டி.க்குப் போங்க' என்றதும் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து முகம் வெளுக்கும் உறவினர்கள் உண்டு. ஃபிசியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான விடை: ஃபிசியோ தோள் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பார், ஓ.டி. அந்தத் தோளை வைத்து நீங்கள் சட்டை போட்டுக்கொள்கிறீர்களா என்று பார்ப்பார். நடைமுறையில் எல்லை இவ்வளவு கறாரானது இல்லை. ஆனால் கேள்வி அதுதான்.

அந்தக் கேள்வியை வீடியோ காலில் கேட்டுப் பதில் பெற முடியுமா? வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அளவிலேயே அதைச் செய்ய முடியுமா? கொரோனா ஊரடங்கு உலகெங்கும் இந்தத் துறையினரைத் திரைக்கு முன் உட்கார வைத்தது. அவர்கள் அதில் பார்த்தது என்ன, பார்க்க முடியாமல் போனது என்ன?

சேலையூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவருக்கு மூன்று மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்து நீங்கியது, நடக்கிறார், வலது கை மட்டும் திரும்பவில்லை. சிகிச்சைக்குக் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் வரை போகவேண்டுமென்றால் ஆட்டோ, கூட ஒரு ஆள், அந்த ஆளுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் நின்றுபோகும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றதை இந்தப் பகுதி மறந்திருக்காது.

அப்படியே மருத்துவமனைக்குப் போனாலும் அங்கே இருப்பது அவருடைய வீடு இல்லை. ஆணிப்பலகையில் குச்சிகளை எடுத்து எடுத்துச் செருகுவார், கூம்புகளை அடுக்குவார். வீட்டில் அவர் செய்யவேண்டியது ரசம் சாதம் பிசைந்து சாப்பிடுவது. இது லேசான வேலை இல்லை. ஐந்து விரல் நுனிகளும் சேர்ந்து குவியவேண்டும். சோறு சூடா என்று தோல் சொல்லவேண்டும். கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது மணிக்கட்டு திரும்பவேண்டும். கடைசியில் கட்டைவிரல் கவளத்தை உள்ளே தள்ளவேண்டும். கரண்டி பிடிக்கும் கைக்கு இதில் பாதி வேலைகூட இல்லை. பக்கவாத நோயாளியின் அன்றாடத் திறனை அளக்க உலகெங்கும் பயன்படும் பார்தெல் அளவுகோல் 1965-இல் அமெரிக்காவில் வெளியானது. பத்துச் செயல்கள், நூறு மதிப்பெண். அதன் பரவலான வடிவத்தில் சாப்பாட்டுக்கான கேள்வி, உணவை வெட்டவும் வெண்ணெய் தடவவும் உதவி தேவையா என்பது. இலையில் ஓடும் ரசத்தை அந்த அளவுகோல் பார்த்ததில்லை.

சாப்பாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. வலது கை விழுந்தவரை இடது கையால் சாப்பிடச் சொன்னால், வேறெதைச் செய்தாலும் அதை மட்டும் செய்யமாட்டார். யாராவது ஊட்டிவிடுவார்கள். ஊட்டிவிட ஆள் இருக்கும் வரை வலது கைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கையை மூளையும் மெல்லக் கைவிடுகிறது. அறிவியலில் இதற்குப் 'பழகிய பயன்படுத்தாமை' என்று பெயர். இதை விளக்கிய எட்வர்ட் டாப், அதை உடைக்கவும் ஒரு வழி சொன்னார். நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பலவீனமான கையையே வேலை வாங்குவது. அந்த முறையைச் சோதித்த 'எக்ஸைட்' ஆய்வு 222 பேரிடம் நடந்து 2006-இல் வெளியானது. இரண்டு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் தெரிந்தது. மூளை தன் வரைபடத்தைத் திருத்தி எழுதும்; ஆனால் எந்த வேலை திரும்ப வரவேண்டுமோ அந்த வேலையை நூறு முறை, ஆயிரம் முறை செய்தால்தான் எழுதும். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் செய்வது அதற்குப் போதாது. பயிற்சி நடக்கவேண்டிய இடம் சாப்பாட்டுத் தட்டு.

வீடியோ காலை ஆதரிக்கும் தெரபிஸ்ட்டுகள் முதலில் சொல்வது இதைத்தான்: திரை வழியாக அவர்களுக்கு வீடு தெரிகிறது. பேரன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகிறான். வாசற்படி எவ்வளவு உயரம், கதவு உள்ளே திறக்கிறதா வெளியேயா, தரை வழுக்குகிறதா, வாளி எங்கே, கழிப்பறை இந்தியனா வெஸ்டர்னா, பிடித்துக்கொண்டு எழ என்ன இருக்கிறது என்று ஒரே நிமிடத்தில் பதில்கள் கிடைக்கின்றன. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கேட்டால் 'எல்லாம் சௌகரியமாத்தான் இருக்கு' என்ற ஒரே பதில்தான் வரும். வாளியை முக்காலி மேல் தூக்கி வைத்தால் குனியவேண்டாம். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் நிற்கவேண்டாம். சட்டையை முதலில் பலவீனமான கையில் நுழைத்தால் போராடவேண்டாம். செலவு அதிகமில்லாத இந்தத் திருத்தங்கள் வீட்டைப் பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

ஆக, ஓ.டி.யின் பாடப்பொருள் வெறும் உடம்பு இல்லை. ஒரு வீட்டுக்குள் வேலை செய்யும் உடம்பு. ஆஸ்பத்திரியில் அதில் பாதி காணாமல் போகிறது. திரை அந்தப் பாதியைத் திருப்பிக் கொடுக்கிறது.

கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பறித்துக்கொள்கிறது: தெரபிஸ்ட்டின் கையை. தசை இறுக்கத்தை அளக்க, நோயாளியின் முழங்கையைத் தெரபிஸ்ட் தானே மடக்கி நீட்டவேண்டும். எந்த இடத்தில் தடை வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதை அவருடைய விரல்கள் உணரவேண்டும். பக்கவாதத்துக்குப் பின் தோள் மூட்டு மெல்ல இறங்கிவிடும். எலும்புகளுக்கு நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று தடவித்தான் பார்க்கவேண்டும். தொடு உணர்வு இருக்கிறதா என்ற சோதனைக்குத் தொடுவதற்கே ஒருவர் வேண்டும். கை மடங்கி இறுகாமலிருக்கக் கொடுக்கும் ஸ்பிளிண்ட்டை, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கைமேலேயே வைத்து, அது ஆறும் சில நிமிடங்களுக்குள் வடித்தாகவேண்டும். வாட்ஸ்அப்பில் ஸ்பிளிண்ட் செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்காலியிலிருந்து எழச் சொல்லும்போது பெரியவர் தடுமாறினால் திரையிலிருப்பவர் பதறலாம். தாங்கிப் பிடிக்க முடியாது.

திரையை ஆதரிப்பவர்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். தயங்குபவர்கள் கையைப் பற்றிப் பேசுகிறார்கள். உலகக் கூட்டமைப்பின் நிலைப்பாடும் இரண்டுக்கும் இடம் விடுகிறது: தொலைவழிச் சேவை நேரடிச் சேவைக்குரிய அதே தரத்தோடு இருக்கவேண்டும், யாருக்கு இது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை ஆள் பார்த்து முடிவு செய்யவேண்டும். நடைமுறையில் பலர் வந்து சேரும் ஏற்பாடு முதல் பரிசோதனை நேரில், பிறகு திரையில், நடுவில் தேவைப்படும்போது மறுபடி நேரில் என்பதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஒன்றில், பக்கவாதத்தால் கை பலவீனமான 124 பேரில் ஒரு பாதிக்கு வீட்டில் திரைவழிப் பயிற்சி, மறு பாதிக்கு மருத்துவமனையில் பயிற்சி. ஆளுக்கு 36 அமர்வுகள். முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. 2020-இல் வந்த காக்ரேன் மறுஆய்வு 22 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 1,937 பேரையும் சேர்த்துப் பார்த்தது. அன்றாடச் செயல்களைச் செய்யும் திறனில், தொலைவழி மறுவாழ்வு நேரடிச் சிகிச்சையைவிட மோசமில்லை என்பதே அதன் சாரம். ஆதாரத்தின் வலிமை நடுத்தரம் அல்லது அதற்கும் கீழ் என்றும் சேர்த்தே சொன்னது. அமெரிக்க ஆய்வில் வீட்டுக்கு வீடு கருவியைக் கொண்டுபோய் வைத்துக் கொடுத்தார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

நம் ஊரில் அப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டா? சுரேஷ்குமார் கமலக்கண்ணனும் உடன் ஆய்வாளர்களும் சென்னையில் 'கேர் ஃபார் ஸ்ட்ரோக்' என்ற ஸ்மார்ட்போன் வழித் திட்டத்தை உருவாக்கினார்கள். பக்கவாதத்துக்குப் பின் வீட்டில் செய்யவேண்டியவற்றைச் சிறு வீடியோக்களாகக் காட்டும் திட்டம் அது. களத்தில் சோதித்தபோது முதலில் இடறியது நோயாளியும் இல்லை, பயிற்சியும் இல்லை, இணைய இணைப்பு. வீடியோ சுற்றிக்கொண்டே நின்றது. அதனால் இணையம் இல்லாமலே ஓடும்படி திட்டத்தை மாற்றி அமைத்தார்கள். அதன் பிறகு இணையம் மலிந்துவிட்டது. ஆனால் ஒரே போன், அதுவும் வேலைக்குப் போகும் மகன் சட்டைப்பையில் என்ற நிலை பல வீடுகளில் இன்னும் மாறவில்லை.

இணைப்பைவிடக் கடினமான பாடம் ஒன்றை 'அட்டெண்ட்' ஆய்வு கொடுத்தது. 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியான அது, இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடந்தது. நம் நாட்டில் தெரபிஸ்ட்டுகள் குறைவு, குடும்பங்கள் பெரியவை. ஆகவே குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன என்பது யோசனை. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தம்! ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற குடும்பங்களில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் சேர்ந்து 47 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற தரப்பிலும் அதே 47 சதவீதம். வேலையைக் குடும்பத்தின் தலையில் மாற்றுவதைத் தங்கள் முடிவுகள் ஆதரிக்கவில்லை என்று எழுதிய ஆய்வாளர்கள், பயிற்சி பெற்ற சுகாதார உதவியாளர்களிடமோ சமூக அளவிலான அணியிடமோ ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று அடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

திரைவழிச் சிகிச்சைக்கு இது நேராகப் பொருந்துகிறது. அழைப்பின்போது நோயாளியின் அறையில் இருப்பது யார்? சமையலுக்கும் குழந்தைகளுக்கும் நடுவே ஓடிவந்து போனைப் பிடிக்கும் மருமகள். மாமனாரின் தோளை எங்கே தாங்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. மாமனாருக்கும் மருமகள் தன்னைத் தூக்கி நிறுத்துவதில் கூச்சம். குளியலறைப் பயிற்சியென்றால், அதுவும் நோயாளி ஒரு பெண்ணென்றால், கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே பெரிய கேள்வி. இருப்பதோ ஒரே அறை, அதில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. போனுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தேர்ந்த தெரபிஸ்ட் இருந்தாலும், சிகிச்சையின் அளவு இந்தப் பக்கம் போனைப் பிடிக்கும் கையின் அளவுதான்.

இந்த இடத்தில் சென்னையின் பழைய ஆய்வொன்றை நினைவுகூரவேண்டும். சானடோரியத்தைப் பற்றியது அது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி. மருந்து வந்துவிட்டது, படுக்கைகள் போதவில்லை. நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதாதா? நெருக்கமான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வில்லாத வேலை. இதில் எப்படிக் குணமாகும் என்றுதான் அன்றைய மருத்துவ உலகம் நினைத்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு தரப்பைச் சானடோரியத்திலும் மறு தரப்பை வீட்டிலும் ஓராண்டு வைத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய சானடோரியத்திலிருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்ததற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அந்தக் கதையில் பலர் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. வீட்டுச் சிகிச்சை என்றால் மாத்திரையைக் கொடுத்தனுப்பிவிட்டுச் சும்மா இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நின்றார்கள். மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். குடும்பத்திடம் பேசினார்கள். மாத்திரை விழுங்குவதும் விழுந்த கையை எழுப்புவதும் ஒன்றல்ல. ஓர் ஆய்வின் முடிவை அப்படியே இன்னொன்றின் மேல் ஒட்டக்கூடாது. ஆனாலும் சிகிச்சையை வீட்டுக்கு மாற்றியபோது, கதவைத் தட்ட ஓர் ஆளையும் சேர்த்தே அனுப்பினார்கள் என்பது மறக்கக்கூடாத செய்தி.

அப்படிக் கதவைத் தட்டும் ஆட்கள் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பி.பி., சர்க்கரை மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். ஃபிசியோதெரபிஸ்ட்டும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருகிறார்கள். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. இந்த அணியில் ஓ.டி.க்கு இடம் இல்லை. ஆள் இல்லாததால் அல்ல. ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்குளத்தூரில் ஓ.டி. கல்லூரியே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. சோழிங்கநல்லூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' சேவை மையம் இருக்கிறது. தென்சென்னைப் புறநகரில் தெரபி படித்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவே பாலம் இல்லை.

அந்தப் பாலத்தைக் கட்டிக் காட்டிய ஓர் இடம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடி. முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். வளர்ச்சிக் குறைபாடுள்ள சிறு குழந்தைகளுக்காக இந்தச் சங்கம் அமைத்த ஏற்பாட்டில், கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்றுச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகக் குழந்தையின் வீட்டுக்குப் போகிறார்கள். கையில் ஒரு செயலி. குழந்தை என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று அதில் பதிகிறார்கள். ஓ.டி., ஃபிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் ஆகியோர் தொலைவிலிருந்து அதைப் பார்த்து அடுத்த படியைச் சொல்கிறார்கள். தொழில்நுட்பம் அங்கே நோயாளியையும் நிபுணரையும் நேராக இணைக்கவில்லை. நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தூக்கத் தெரியும், தாங்கத் தெரியும். அந்தத் தெருவும் தெரியும்.

இதே வடிவத்தைத் தாம்பரத்தில் யோசித்துப் பாருங்கள். 2021 நவம்பரில் பிறந்த மாநகராட்சி. பம்மல், அனகாபுத்தூர் முதல் பெருங்களத்தூர் வரை 70 வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு ஓ.டி.யை நியமிப்பது இன்றைக்கு நடக்கிற காரியமில்லை. ஒரு மண்டலத்துக்கு ஒருவர், அவர் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் முறை நேரில் பார்ப்பார். பிறகு தன்னார்வலர் வீட்டுக்குப் போகும்போது அவருடைய போனில் வருவார் என்பது நடக்கக்கூடியது. தன்னார்வலருக்குச் சில வாரப் பயிற்சி வேண்டும்: தோளை எங்கே பிடிப்பது, எழும்போது எந்தப் பக்கம் நிற்பது, எப்போது 'இது திரைக்கான வேலை இல்லை' என்று நிறுத்துவது. அந்தப் பயிற்சிக்கும் நேரத்துக்கும் உரிய ஊதியம் வேண்டும். 'அட்டெண்ட்' ஆய்வு எழுப்பிவிட்டுப் போன கேள்விக்கு இந்தப் புறநகரே விடை தேடலாம்.

சட்டத்திலும் இடைவெளி இருக்கிறது. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்காக எழுதப்பட்டவை. நோயாளியே அழைத்தால் சம்மதம் கொடுத்ததாகவே கொள்ளலாம், சுகாதாரப் பணியாளரோ பராமரிப்பவரோ அழைத்தால் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்பது போன்ற தெளிவான விதிகள் அதில் உண்டு. குளியலறை வரை கேமராவைக் கேட்கும் தெரபிஸ்ட்டுக்கு அதைவிடத் தெளிவான விதிகள் தேவை. 2021-இல் வந்த துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஓ.டி.க்களைத் தனித் தொழிலினராக அங்கீகரித்திருக்கிறது. விதிகளை எழுத அதுவே நல்ல தொடக்கம்.

மறுபடி சேலையூர் வீட்டுக்கு வருவோம். இந்த முறை போன் பேரன் கையில் இல்லை. சொம்பில் சாய்த்து வைத்திருக்கிறது. பெரியவரின் வலது முழங்கைக்கு அடியில் தன்னார்வலரின் உள்ளங்கை. தட்டில் கெட்டியாகப் பிசைந்த தயிர் சாதம். ரசத்துக்கு இன்னும் நாளாகும். இடது கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். திரையிலிருக்கும் தெரபிஸ்ட் மார்க்குப் போடும் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "நேத்து ராத்திரி சாப்பிட்டீங்களே ஐயா, எந்தக் கையால?"